அது வேற பத்தி

லஞ்சம் வாங்கினார் என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். வாங்கவில்லை. யாராவது காபி வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். ஒரு பொங்கலுக்கு, மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் ஒரு தார் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பியூன் கோவிந்தனைக் கூப்பிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பழம் இருந்த இடத்தைத் துணி போட்டுத் துடைக்கவும் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷர். அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை வருஷமாகக் கோபம் ஆறவில்லை. அயோக்கியன்மேல் வருகிற கோபம் கொஞ்ச நாளில் சலித்துப் போகும். யோக்கியன்மேல் வந்தால் அது ஆயுசுக்கும் கூடவே வரும் போலிருக்கிறது.

அவர் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள், அவர்களுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. நான் அங்கே தமிழ் டைப்பிஸ்ட். ஆட்சி மாறிய பிறகு ஆபீஸ் கோப்பெல்லாம் இனிமேல் தமிழில்தான் என்று உத்தரவுக்குமேல் உத்தரவாக வந்துகொண்டிருந்த காலம். அதற்காகவே தமிழ் டைப்ரைட்டர் வாங்கினார்கள், அதை அடிக்க ஆள் எடுத்தார்கள். பூதலூரில் பிறந்து தஞ்சாவூரில் டைப் படித்த எனக்கு, எங்கள் குடும்பத்திலேயே முதல் அரசாங்கச் சம்பளம் அப்படித்தான் கிடைத்தது. அந்தத் தாலுகா ஊரில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். சட்டம் நம்ம பாஷையில் பேசப் போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. ஊரில் எல்லோருக்குமே அந்தப் பெருமை இருந்தது.

ஆபீஸில் இருந்த பழைய ஆட்களுக்குத்தான் கஷ்டம். இங்கிலீஷில் முப்பது வருஷம் எழுதிப் பழகிய கை தமிழில் எழுத மாட்டேன் என்றது. ‘மேற்படி’ என்று ஆரம்பித்தால் அரைப் பக்கம் போயும் வாக்கியம் முடியாது. யார் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று எழுதியவரைக் கேட்டாலே தெரியாது. அவர்களுக்கு நடுவில் இவர் மட்டும் தனி. இவர் எழுதிய பக்கத்தை மெஷினில் வைத்து அடிக்கும்போது விரல் தானாக ஓடும். சின்னச் சின்ன வாக்கியம். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கும். எங்கேயும் தடுக்காது. தாலுகா தாண்டி, ஜில்லா ஆபீஸ் வரைக்கும் அவர் எழுத்துக்குப் பேர் இருந்தது. அவர் எழுதிய கோப்பை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற ஆபீஸ்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் ரகசியம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பத்தி என்றால் வாய்க்கால் மாதிரி என்பார். தலைப்பில் எந்தத் தண்ணீர் விட்டோமோ அதுதான் கடைசி மடை வரைக்கும் போக வேண்டும், நடுவில் வேறு தண்ணீர் வந்து கலக்கக் கூடாது. முதல் வாக்கியம் என்ன விஷயம் என்று சொல்ல வேண்டும். பிறகு வருகிற ஒவ்வொரு வாக்கியமும் அந்த முதல் வாக்கியத்துக்கு வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே. கடைசி வாக்கியம் கதவைச் சாத்த வேண்டும். எழுதி முடித்ததும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்து மறைத்துப் படித்துப் பார்ப்பார். மறைத்த பிறகும் பத்தி நின்றால் அந்த வாக்கியம் தேவையில்லை என்று அடித்துவிடுவார்.

இதெல்லாம் வெறும் பேச்சில்லை. ஆபீஸ் எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கடை வாசல் சாக்கடையைச் சரி செய்யச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனுமேல் மனு போட்டு ஓய்ந்துபோயிருந்தார். ஒவ்வொரு மனுவிலும் தன் ஏழ்மை, பிள்ளைகளின் காய்ச்சல், கொசு, போன தேர்தலில் தான் உழைத்த உழைப்பு எல்லாம் எழுதியிருந்தார். இவர் அத்தனையையும் அடித்துவிட்டு ஒரே பத்தி எழுதிக் கொடுத்தார். முதல் வாக்கியம்: ‘எங்கள் கடை வாசலில் தேங்கும் சாக்கடை, தாசில்தார் அவர்களின் ஜீப் நிற்கும் இடத்தில் போய் முடிகிறது.’ அடுத்த வாரமே ஆள் வந்து வாரிவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் அன்று ஆபீஸ் முழுக்க டீ கொடுத்தார். இவர் மட்டும் குடிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்க அவ்வளவு பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்திக்குச் சேராத வாக்கியத்தை அடிக்கும்போது அவர் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. ‘அது வேற பத்தி.’ கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொல்வார். நாளாவட்டத்தில் அது எழுத்தை விட்டு இறங்கி அவர் பேச்சிலும் ஏறிவிட்டது. கோவிந்தன் லீவு கேட்டு வந்து, ஏன் லீவு என்று சொல்லி, அப்படியே சம்பள முன்பணம் பற்றியும் இழுத்தால், அது வேற பத்தி என்று கையைக் காட்டுவார். சர்வேயர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்து மந்திரிசபைக்குப் போனால் அதே பதில். நாங்கள் அவர் இல்லாதபோது ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிச் சிரிப்போம். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் அது வேற பத்தி. அந்த இன்னொரு பத்தியை அவர் எப்போது எழுதுவார், எங்கே எழுதுவார் என்று யாரும் கேட்டதில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது, சின்னப்பொண்ணு வருகிற வரைக்கும்.

அப்போது குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பேரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. பேர் பதிவாகிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது நிலத்தை விட்டு இறக்க முடியாது. சும்மா விடுவார்களா? வயலுக்கு வயல் சண்டை. ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் அடியாள், அறுவடைக்குப் போலீஸ் காவல். சுவர் முழுக்க உழுகிறவனுக்கே நிலம் என்று எழுதியிருக்கும். அந்தச் சுவரைத் தாண்டி எங்கள் ஆபீஸுக்குள் வந்தால், உழுகிறவன் யார் என்பதை எழுதி முடிவு செய்ய வேண்டும். தாசில்தார் விசாரிப்பார். சொல்கிறவர் சொல்வதைக் கேட்டு வாக்குமூலமாக எழுதுவது இவர் வேலை. எழுதியதைப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவார்கள். அதன்மேல்தான் உத்தரவு.

வருகிறவர்களை இவர் நடத்துகிற விதத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். மற்றவர்கள் வாசற்படியிலேயே நிற்க வைத்துக் கேட்கும்போது, இவர் உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொல்வார். கோவிந்தனை விட்டு டம்ளரில் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அந்த டம்ளரைத் தொடவே அவர்கள் தயங்குவார்கள். எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கிட மாட்டார். வயற்காட்டு ஜனங்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல எங்கிருந்தோ ஆரம்பிப்பார்கள். ஆறு உடைத்துக்கொண்ட வருஷம், மாமனார் காலத்து மாடு, யார் கல்யாணத்தில் யார் எதிர்த்துப் பேசினார் என்று சுற்றி வருவார்கள். அத்தனையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஐந்து வாக்கியம் எழுதுவார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, சரிதானே என்று கேட்பார். ‘ஆமாங்க.’ அடுத்தது. ‘ஆமாங்க.’ பெரிய மனுஷர், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தவர் கேட்கிறார், வேறு என்ன சொல்வார்கள்? அவர் படித்ததில் பொய்யும் ஒன்றும் இருக்காது. ஆமாங்க என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

சின்னப்பொண்ணு ஐப்பசி மாசத்து மழையில் நனைந்துகொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கலாம். கூட யாரும் வரவில்லை. சாகுபடிப் பதிவு வேண்டும் என்று கொடிக்காரர்கள் யாரோ மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். எதிர்த் தரப்பில் மிராசுதார் வரவில்லை. வாழைத்தார் கொண்டுவந்தாரே, அதே காரியஸ்தர்தான் வந்து வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் அவளை பெஞ்சில் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பயப்படாமல் சொல்லும்மா என்றார். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“எம் புருஷன் செத்துட்டாருங்க.”

அதுதான் அவள் சொன்ன முதல் வாக்கியம். அவள் வாயால் கேட்டதால் எனக்கு மறக்கவில்லை. ஆடி மாசம் ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் அவள் புருஷன் மார்வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்றங்காலுக்கு விதை ஊற வைத்திருந்தார்கள். அது அப்படியே கோணியில் முளை விட்டுக் கிடந்தது. துக்கம் கேட்க வந்த காரியஸ்தர் அவளிடம், தாலி அறுத்தவள் வரப்பில் கால் வைத்தால் பயிருக்கு ஆகாது, மூணு மாசம் வயல் பக்கம் வராதே, ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கம் அவளுக்கும் தெரியும். அவள் மாமியாரும் அப்படித்தான் மூணு மாசம் வீட்டோடு இருந்தாள். இவளும் இருந்தாள். மூணாம் மாசம் முடிந்து தலை முழுகிவிட்டு வெளியே வந்து பார்த்தால், அவள் வயலில் யாரோ நட்ட நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கிறது. அவள் புருஷனும் அவன் அப்பனும் உழுத வயல். ஒவ்வொரு வருஷமும் களத்தில் வைத்துக் குத்தகை நெல்லை அளந்து கொடுத்திருக்கிறார்கள். ரசீது உண்டா என்று தாசில்தார் கேட்டார். களத்தில் வைத்து ரசீது கேட்டால் அடுத்த போகம் நிலம் எங்கள் கையில் இருக்குமா ஐயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். காரியஸ்தர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே மேலே விட்டத்தைப் பார்த்தார்.

இவர் எல்லாவற்றையும் கேட்டார். காரியஸ்தர் வழக்கத்தைச் சொல்லி நிறுத்தியதை அவள் சொன்ன இடத்தில் நிமிர்ந்துகூடப் பார்த்தார். நான் பக்கத்து மேஜை, அதனால் எனக்குத் தெரியும். பிறகு எழுதினார். எழுதியதை விரலால் மறைத்து மறைத்துப் பார்த்து ஒரு வாக்கியத்தை அடித்தார். படித்துக் காட்டினார்:

‘நான் தற்போது மேற்படி நிலத்தில் சாகுபடி செய்யவில்லை. இந்தப் பருவத்து உழவும் நடவும் நில உரிமையாளரால் செய்யப்பட்டுள்ளன. ஆடி மாதம் முதல் நான் அந்த நிலத்துக்குப் போகவில்லை. அதற்கு முன் என் கணவர் சாகுபடி செய்துவந்தார். குத்தகை அளந்ததற்கு என்னிடம் ரசீது எதுவும் இல்லை.’

ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமாங்க என்றாள். அத்தனையும் அவள் சொன்னதுதான், ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவள் வாயிலிருந்தே ‘நான்’, ‘நான்’ என்று அவளுக்கு எதிராக ஒரு பத்தி எழுந்து நின்றது. கோவிந்தன் மைப்பெட்டியை நீட்டினான். அவள் கட்டை விரலை நீட்டி, மைக்கு மேலேயே நிறுத்தினாள்.

“இதுல அவரு செத்தது எங்கங்க?” என்றாள்.

அந்த ஆபீஸில் படித்துக் காட்டியதற்கு எதிராக யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். இந்தப் பத்தி நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. சாவு துக்கமான விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேற பத்தி.

“அப்ப அதையும் எழுதுங்க சாமி. எழுதிட்டுக் கூப்புடுங்க, வந்து கைநாட்டு வெக்கிறேன். வெளிய இருக்கேன்.”

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழைச் சாரல் அவள் முழங்கால் வரைக்கும் அடித்தது. நான் நாலு தடவை எட்டிப் பார்த்தேன். அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸில் சேர்ந்து அதுவரை அவரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று எழுந்து போய்க் கேட்டேன். சார், அந்த அம்மா முதல்ல சொன்னதே அதுதானே, முதல் வாக்கியமா அதை வெச்சா மத்ததெல்லாம் வேற மாதிரி ஆயிடாதா என்று கேட்டேன். புருஷன் செத்ததால் வழக்கப்படி வீட்டோடு இருந்தாள், இருக்கச் சொன்னதும் காரியஸ்தர், இருந்த நேரம் பார்த்து நட்டுக்கொண்டார்கள் என்று வரும். அதே விஷயங்கள்தான், அதே பொய்யில்லாத விஷயங்கள். இவர், எனக்கு வாக்கியம் அமைக்க வருகிறது என்று சந்தோஷப்பட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் பட்டார். பிறகு, சட்டத்தில் கேட்டிருப்பது யார் சாகுபடி செய்கிறார் என்று, ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லையேம்மா என்றார். கேட்காததை நாம் எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும் என்றார். சாயாமல் எழுதியதாக அவருக்கு நினைப்பு! எது முதல் வாக்கியம் என்று முடிவு செய்தபோதே சாய்ந்தாகிவிட்டது என்று வாய் வரை வந்தது. தாசில்தார் மணி அடித்தார், இவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் அவள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். காரியஸ்தர் தினம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது. பானையில் தண்ணீர் எடுக்கப் போனால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். இவர் மட்டும் தாண்டும்போதெல்லாம் சாப்பிட்டாயாம்மா என்று கேட்பார். அவளும், ஆச்சுங்க, எழுதிட்டீங்களா என்று கேட்பாள். அந்த மூணாம் நாள் சாயங்காலம் இவர் தாளை எடுத்து, பத்தியின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்து என்னிடம் அடிக்கக் கொடுத்தார். ‘மேற்கண்ட விவரங்கள் படித்துக் காட்டப்பட்டு, ஒவ்வொன்றையும் சரி என ஒப்புக்கொண்ட பின்னும், மனுதாரர் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார்.’

அவள் மழையில் காத்திருந்த காத்திருப்பையும் எடுத்து அவளுக்கு எதிராகவே கதவைச் சாத்திக் கொண்டார். பத்தி என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதற்குமுன் ஒரு வாக்கியம் குறைவதுபோல் இருந்தது, அது வந்து சேர்ந்ததும் முழுசாகிவிட்டது. அடிக்கும்போது இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது. தாளை உருவி மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

பதிவு இல்லை என்று உத்தரவானது. கொடிக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அங்கே இருந்த அதிகாரி கோப்பைப் படித்துவிட்டு, கீழ் ஆபீஸ் வாக்குமூலம் தெளிவாகவும் கோர்வையாகவும் இருப்பதால் தலையிட முகாந்திரம் இல்லை என்று எழுதிவிட்டார். கோர்வை என்று அவர் பாராட்டியதை யாரோ சொல்ல, ஆபீஸில் இவருக்குக் கை கொடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஜனங்களின் நிலம் இங்கிலீஷில் போன காலத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது நல்ல தமிழில், பிழையில்லாமல், படித்துக் காட்டிப் போனது.

அதற்குப் பிறகு நான் அவரோடு ஆபீஸ் பேச்சு தவிரப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. அவருக்கு மனைவி இருப்பதே அவர் கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். தயிர் சாதமும் நார்த்தங்காயும் ஒரு நாளும் தவறாது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதுவும் வேற பத்திதானே. இரண்டு வருஷம் கழித்து, கலெக்டர் ஆய்வுக்கு வரவிருந்த சமயத்தில், ஒரு நாள் அவர் வரவில்லை. லீவு கடிதமும் வரவில்லை. கோவிந்தனைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். மனைவி விடியற்காலையில் தவறிவிட்டாராம். நாங்கள் எல்லோரும் போனோம். நானும் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தூக்கு கழுவிக் கவிழ்த்தபடி ஜன்னலில் இருந்தது.

கருமாதி முடிந்து வந்தபோது மேஜையில் மெமோ காத்திருந்தது. புதுத் தாசில்தார் அந்தத் துக்கத்துக்கு அப்புறம்தான் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு, கண்டிப்பானவர், இந்த ஊர் மனுஷர்களையும் இவர் வீட்டு விஷயத்தையும் தெரியாதவர். அனுமதியில்லாமல் வராதது ஏன், ஆய்வு அறிக்கை தேங்கியது ஏன், நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கையில் அப்படி ஒரு கறை. இவர் உட்கார்ந்து விளக்கம் எழுதி, அடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். வாங்கிப் படித்தேன். ‘நான் முன் அனுமதி பெறாமல் பணிக்கு வரவில்லை. ஆய்வு அறிக்கை என் பொறுப்பில் இருந்தது. அதை நான் முடிக்கவில்லை.’ இப்படியே போயிற்று. ஐந்து வாக்கியம், ஒன்றும் பொய்யில்லை. மனைவி அதில் இல்லை.

பேசக் கூடாது என்றிருந்தவள் பேசிவிட்டேன். சார், அம்மா இறந்ததை எழுதலையே என்றேன்.

“அது வேற பத்திம்மா,” என்றார், வழக்கம்போல.

சொல்லிவிட்டு, தான் சொன்னதை அப்போதுதான் தானே கேட்டதுபோல் நின்றார். எனக்கு அந்த நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. தனக்கும் அதே கத்தியைத்தான் போடுகிறார், ஆளுக்கு ஒரு நியாயம் இல்லை, இது அவருக்கு ஒரு வியாதி, வேறு மாதிரி எழுத இந்த மனுஷருக்கு வராது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இரண்டு வருஷத்துக் கோபம் கொஞ்சம் இளகக்கூட ஆரம்பித்தது. அவர் கையை நீட்டித் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். புதுத் தாள் எடுத்தார். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கம் பார்த்தார். அங்கே பானை மட்டும்தான் இருந்தது. பிறகு எழுதினார். விரலால் மறைத்துப் பார்க்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

‘என் மனைவி இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி கருமாதி முடியும்வரை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் பணிக்கு வர இயலவில்லை. அனுமதி கேட்கவும் மனம் தெளிவாக இல்லை. ஆய்வு அறிக்கையை இந்த வாரத்தில் முடித்துவிடுவேன். என் நிலையைக் கருதி மன்னிக்க வேண்டுகிறேன்.’

அடித்துக் கொடுத்தேன். மறுநாளே தாசில்தார் தன் அறைக்குக் கூப்பிட்டு, முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா சார் என்று எழுந்து நின்று வருத்தம் கேட்டார். மெமோவை ரத்து செய்தார். வராத நாளெல்லாம் லீவாகச் சேர்ந்தது. அத்தனை சுலபமாக.

வெளியே வந்தவரிடம் கேட்டேன். சின்னப்பொண்ணுக்கும் இப்படி ஒரு பத்தி எழுதி மேலே அனுப்பலாமே சார் என்றேன். அவர் பேனா மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. உத்தரவு ஆகிவிட்டதேம்மா, கோப்பு மூடியாயிற்றே என்றார். மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். அவருக்குப் பின்னால் பீரோவில்தான் அந்தக் கோப்பு இருந்தது.

பூதலூரிலிருந்து அத்தை வீட்டுக்குப் போகிற பஸ் இப்போதும் அந்த வயல் ஓரமாகத்தான் போகும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ வருஷம் நடவுக் காலத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நடவு நடுகிற பெண்கள் வரிசையில் சின்னப்பொண்ணு குனிந்து நடுவாள், தன் புருஷன் உழுத அதே வயலில், காரியஸ்தர் வரப்பில் குடை பிடித்து நிற்க, கூலிக்கு. அந்த இன்னொரு பத்தியை எழுதத் தெரியாத மனுஷர் என்று ஒரே ஒரு நிமிஷம் அவரை மன்னிக்கப் பார்த்தேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது.